மலையகச் சிறாரின் இருதயக் குறைபாடுகளும் சி.ரி. ஸ்கேன் பரிசோதனையும்

கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேல் அமைந்த கந்தப்பளைத் தோட்டங்களில், பிறந்த சிசுவின் கைகால்கள் குளிரினால் சற்றே நீலம் பாரிப்பது வழமை. கம்பளியில் சுற்றிச் சூடேற்றினால் அது மாறிவிடும். ஆனால் நாக்கும் வாயின் உட்புறமும் நீலமாகத் தோன்றுமாயின் அதைக் குளிரின் மீது சுமத்தலாகாது. இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்திருப்பதன் அடையாளம் அது. பால் குடிக்கையில் களைத்து வியர்க்கும் குழந்தையையும், மாதங்கள் சென்றும் எடை கூடாத குழந்தையையும் தாமதமின்றி வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

உயிருடன் பிறக்கும் 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 8 முதல் 10 வரையானோர் இருதயக் குறைபாட்டுடன் பிறக்கின்றனர் என்பது உலகளாவிய கணிப்பு. தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகங்களிலும் வழக்கிலுள்ள நெருங்கிய உறவுத் திருமணங்கள் இந்த வாய்ப்பைச் சற்று அதிகரிக்கின்றன என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை.

குறைபாட்டைக் கண்டறிவதில் முதலிடம் 'எக்கோ' பரிசோதனைக்கே உரியது. அதில் கதிர்வீச்சு இல்லை. குழந்தையின் படுக்கையருகிலேயே செய்யலாம். இருதய அறைகளுக்கிடையிலான துவாரங்களையும் வால்வுகளையும் அது நன்கு காட்டும். எனினும் ஒலியலைகள் எலும்பையும் காற்று நிறைந்த நுரையீரலையும் ஊடுருவ மாட்டா. ஆகவே இருதயத்துக்கு வெளியே ஓடும் குழாய்கள் பல அதன் பார்வைக்குத் தப்பிவிடுகின்றன. சி.ரி. ஸ்கேன் பரிசோதனை கைகொடுப்பது இங்கேதான்.

நுரையீரலுக்குச் செல்லும் பிரதான நாடி உருவாகாமலே பிறக்கும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். அத்தகைய குழந்தைகள் சிலரில் பெருநாடியிலிருந்து கிளைக்கும் சிறு குழாய்களே நுரையீரலுக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்கின்றன. அவை எத்தனை, எங்கிருந்து புறப்படுகின்றன, எங்கே ஒடுங்குகின்றன என்பது குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். நெஞ்சைத் திறப்பதற்கு முன்பே சத்திரசிகிச்சை நிபுணர் இதை அறிந்திருக்க வேண்டும். நரம்பூடாக அயடீன் கலந்த மருந்தைச் செலுத்தி எடுக்கப்படும் சி.ரி. படம் அதனை முப்பரிமாணத்தில் அவர் முன் வைக்கிறது. பெருநாடி ஒடுக்கம், தவறான இடத்தில் சேரும் நுரையீரல் நாளங்கள், மூச்சுக்குழலை நெரிக்கும் இரத்தக் குழாய் வளையம் ஆகியவற்றிலும் அதன் பயன் பெரிது. குழாய்களுக்குள் நிலவும் அழுத்தத்தை மட்டும் அது அளவிடாது. அதற்கு 'கதீற்றர்' பரிசோதனை இன்றும் தேவைப்படலாம்.

1971 இல் இலண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படம்பிடித்த சி.ரி. இயந்திரம் ஒவ்வொரு படத்துக்கும் சில நிமிடங்களை எடுத்துக்கொண்டது. துடிக்கும் இருதயத்தை அதனால் படம்பிடித்திருக்கவே முடியாது. இன்றைய இயந்திரங்கள் ஒரு சில செக்கன்களுக்குள் பணியை முடிப்பதால் பல குழந்தைகளுக்கு முழு மயக்கம் தேவைப்படுவதில்லை. எம்.ஆர்.ஐ. பரிசோதனையில் கதிர்வீச்சு இல்லையெனினும் நெடுநேரம் அசையாதிருக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கு அது பெரும்பாலும் மயக்க மருந்துடனேயே சாத்தியம்.

கதிர்வீச்சு பற்றிய பெற்றோரின் அச்சம் நியாயமற்றதன்று. வளரும் உடல் கதிர்வீச்சினால் கூடுதலாகப் பாதிக்கப்படக்கூடியது. ஆயினும் இயற்கைச் சூழலிலிருந்தே ஒரு மனிதர் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவேர்ட் கதிர்வீச்சைப் பெறுகிறார். நவீன இயந்திரத்தில் குழந்தையின் எடைக்கேற்ப அமைத்து எடுக்கும்போது, இருதயப் பரிசோதனைக்கான அளவை அதற்கும் கீழே கொண்டுவர முடிகிறது. எக்கோ போதுமான இடத்தில் ஸ்கேன் கேட்டு வற்புறுத்துவது எவ்வளவு தவறோ, நிபுணர் பரிந்துரைத்ததை அச்சத்தால் தட்டிக்கழிப்பதும் அவ்வளவு தவறு.

தூரம் வேறொரு சிக்கல். கந்தப்பளையிலிருந்து நுவரெலியா, அங்கிருந்து பேராதனை சிறுவர் வைத்தியசாலை, சத்திரசிகிச்சைக்குக் கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே வைத்தியசாலை என்று பயணம் நீள்கிறது. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் கொழுந்து பறிக்கும் தாய்க்கு அன்றைய 'பேர்' விழாது. கிளினிக் தவறுவதற்குப் பெற்றோரின் அசட்டையையே காரணங்காட்டுவோர் இதனையும் கணக்கிற் கொள்ள வேண்டும். நிபுணரின் கடிதத்தைக் காட்டும் தாய்க்கு அந்த நாளின் சம்பளத்தை வழங்குவது தோட்ட நிர்வாகங்களுக்குப் பெருஞ்சுமையாகாது.

ஸ்கேன் அறிக்கையும் இறுவட்டும் லயத்தின் ஈரத்திலும் அடுப்புப் புகையிலும் பழுதடையாதவாறு பேணப்பட வேண்டும். குழந்தை வளர்ந்தபின் மறு சத்திரசிகிச்சை தேவைப்பட்டால், அதனைச் செய்யவிருக்கும் வைத்தியர் முதலிற் கேட்பது அந்தப் பழைய படத்தையே.