தாமதமாகத் தொடங்கிய கணக்கு

ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஒவ்வொரு போனுக்கும் ஐ.எம்.ஈ.ஐ. எண் உண்டு. ஒரகடத்திலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு காருக்கும் சேசிஸ் எண் உண்டு. பிரேக்கில் கோளாறு என்று பின்னால் தெரிந்தால் அந்த எண்ணை வைத்து வண்டியைத் திருப்பி அழைக்கலாம். அதே ஒரகடம் சிப்காட்டில் சுமார் 350 ஏக்கரில் மருத்துவக் கருவிப் பூங்கா வருகிறது. உடம்புக்குள் வைக்கும் பொருளுக்கு இந்த மாதிரிக் கணக்கு எப்போது தொடங்கியது என்று தேடப்போய்த்தான் மார்பக இம்பிளான்ட்டின் வரலாற்றுக்குள் நுழைந்தேன்.

1962. அமெரிக்காவின் ஹூஸ்டனில் டிம்மி ஜீன் லிண்ட்சி என்ற பெண் மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிக்க ஆஸ்பத்திரிக்குப் போனார். க்ரோனின், ஜெரோ என்ற இரு டாக்டர்கள், தாங்கள் புதிதாக உருவாக்கிய சிலிக்கோன் பையை வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். காதையும் சரிசெய்து தருவதானால் சரி என்றாராம். அதற்கு முன்னால் எஸ்மெரால்டா என்ற நாயின் தோலுக்கடியில் சில வாரம் வைத்துப் பார்த்திருந்தார்கள். நாய்க்குப் பெயர் இருந்தது. அதற்குப் பின் பை வைத்துக்கொண்ட லட்சக்கணக்கான பெண்களுக்குப் பதிவேடுதான் இல்லை.

அமெரிக்காவில் மருத்துவக் கருவிகளுக்கான விரிவான சட்டம் வந்ததே 1976-இல். ஏற்கெனவே விற்பனையில் இருந்தவை அப்படியே தொடர்ந்தன. ஆனால் சந்தேகம் அதற்கும் பழசு. மார்பில் பாரஃபின் போன்றவற்றை ஊசியால் ஏற்றிக்கொண்ட பெண்களுக்கு வந்த நோயைப் பற்றி ஜப்பானிய மருத்துவர்கள் 1964-லேயே எழுதிவிட்டார்கள். மூட்டுவலி, விடாத அசதி, உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் நோய்கள். 1992-இல் அமெரிக்க அரசு சிலிக்கோன் பைகளைப் பெரும்பாலும் நிறுத்தியது. வழக்குகள் குவிந்து 1995-இல் டௌ கார்னிங் திவால் மனு போட்டது.

வேடிக்கை என்னவென்றால் ஆராய்ச்சி வந்தது 1992 நிறுத்தத்துக்கு அப்புறம்தான். 1994-இல் மேயோ கிளினிக் 749 பெண்களை ஆராய்ந்து, தொடர்பு தெரியவில்லை என்றது. 1999-இல் அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் அறிக்கையும் அதையே சொன்னது. 2006-இல் பைகள் திரும்பி வந்தன. 2018-இல் சுமார் ஒரு லட்சம் பெண்களின் தரவை வைத்து டெக்சாஸ் ஆய்வாளர்கள் சில தன்னுடல் தாக்குநோய்கள் அதிகம் என்றார்கள். அரசுத் துறை அந்த முடிவை ஏற்கவில்லை. அந்தத் தரவிலும் பாதிவழியில் தொடர்பு விட்டுப்போனவர்கள் ஏராளம். 2021-இல் பெட்டியின் மேல் கடும் எச்சரிக்கை கட்டாயமானது. ஆக, தொடர்பு உண்டென்று நிரூபணமும் ஆகவில்லை, இல்லையென்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. முதல் நாளிலிருந்து எண்ணியிருந்தால் இந்த இழுபறி இருந்திருக்காது என்பது என் கணிப்பு.

வைட்டமின் விஷயம் இன்னும் சிக்கல். 2017-இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் மருத்துவர்கள், பை வைத்து நோயுற்ற பெண்களில் வைட்டமின் டி குறைந்தவர்களுக்குத் தன்னையே தாக்கும் எதிர்ப்பொருள்கள் அதிகம் கண்டார்கள். எது காரணம், எது விளைவு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. நம்ம ஊரிலோ இவ்வளவு வெயிலிலும் வைட்டமின் டி குறைவு சர்வசாதாரணம். நைட் ஷிஃப்ட் முடிந்து பகலெல்லாம் ஹாஸ்டலில் தூங்கும் பெண் அசதி, மூட்டுவலி என்று போனால் டாக்டர் மாத்திரை எழுதித் தருவார். அவர் உடம்பில் இம்பிளான்ட் இருந்தால் அதைக் கேட்பாரா?

இது பணக்காரப் பெண்கள் சமாச்சாரம் என்று தள்ளவும் முடியாது. 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் இலவச மார்பகச் சீரமைப்பு சிகிச்சை தொடங்கியது. ஏழைகளுக்கு மட்டும் ஏன் இது கிடைக்கக் கூடாது என்பது அன்றைய அமைச்சர் விஜயபாஸ்கரின் வாதம். கண்டனம் எழுந்தது, பெரும்பாலும் செலவைப் பற்றி. எனக்கு அவர் வாதத்தில் தப்புத் தெரியவில்லை. புற்றுநோயில் மார்பை இழந்தவருக்கு அது ஆடம்பரமா என்ன? நான் கேட்பது வேறு: பத்து வருஷம் கழித்து அவர்களை யார் தேடுவார்கள்?

கேட்கக் காரணம் உண்டு. ஜான்சன் அண்ட் ஜான்சனின் இடுப்பு மூட்டு ஒன்று 2010-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. அவர்களில் பெரும்பகுதியினரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. கருவிகளால் வரும் பாதிப்பைத் தெரிவிக்க தேசியத் திட்டம் தொடங்கியது 2015-இல். இம்பிளான்ட் பெட்டிக்குள் எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் சில இருக்கும். ஒன்று கேஸ் ஷீட்டில் ஒட்ட. இன்னொன்று, அந்தப் பெண்ணிடம் கொடுக்க.