சோர்வும் கிளர்ச்சியும்: ஒரு நோயை அறிந்த வரலாறு

ஒருவர் பல வாரங்கள் எவருடனும் பேசாமல் முடங்கிக் கிடக்கிறார். சில மாதங்கள் கழித்து அவரே உறக்கமின்றி ஓயாது பேசுகிறார்; கடன் வாங்கிச் செலவழிக்கிறார். இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்றுதானே நினைப்பீர்கள்? மருத்துவ உலகமும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியது.

உடலில் கரும்பித்தம் மிகுந்தால் மனச்சோர்வு தோன்றும் என்றனர் பண்டைய கிரேக்க மருத்துவர்கள். தமிழிலும் பித்தம், பித்து என்னும் சொற்கள் நெருங்கி நிற்பதைக் கவனியுங்கள். ரோமப் பேரரசுக் காலத்தில் வாழ்ந்த அரேட்டியஸ் என்னும் மருத்துவர், சோர்வும் வெறியும் ஒரே ஆளிடம் வரக்கூடும் என எழுதினார். ஆனால் அக்கருத்து பல நூற்றாண்டுகள் வேரூன்றவில்லை.

1851-இல் பாரிஸ் நகரத்து ஃபால்ரே என்னும் மருத்துவர், கிளர்ச்சி, சோர்வு, இடையே தெளிவு என்று சுழலும் நோயொன்றை விவரித்து அதற்கு 'வட்டப் பித்து' எனப் பெயரிட்டார். ஜெர்மானிய அறிஞர் கிரேப்பெலின் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் அட்டையில் குறித்துவைத்து, நோயின் போக்கை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 1899-இல் வெளியான தம் நூலின் ஆறாம் பதிப்பில் இரு நிலைகளையும் ஒரே நோயாக வகுத்தார். ஒரு நாள் பார்த்தவர்க்குப் புலப்படாதது, பல ஆண்டு பார்த்தவர்க்குப் புலப்பட்டது!

1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், லித்தியம் உப்பு கிளர்ச்சியைத் தணிப்பதைக் கண்டார். அளவு மிகுந்தால் அது நஞ்சாகும். ஆகவே இன்றும் இரத்தத்தில் அதன் அளவைச் சோதித்தே கொடுக்கிறார்கள்.

இவ்வரலாறு நமக்கு எதற்கு? மருத்துவர் நோயாளியைச் சிறிது நேரமே பார்க்கிறார். ஆண்டுக்கணக்கில் பார்ப்பவர்கள் வீட்டார்தாம். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சோகம், எதிலும் நாட்டமின்மை, உறக்கத்திலும் பசியிலும் மாற்றம், தன்னைப் பயனற்றவராகக் கருதுதல், சாவைப் பற்றிய பேச்சு ஆகியவை சோர்வின் அறிகுறிகள். குறைவாக உறங்கியும் களைப்பின்மை, படபடவென்ற பேச்சு, எல்லையற்ற திட்டங்கள், கண்மூடித்தனமான செலவு, எரிச்சல் ஆகியவை கிளர்ச்சியின் அறிகுறிகள்.

சோர்வுக்காக மருத்துவரிடம் செல்லும்போது, முன்பு வந்துபோன கிளர்ச்சியையும் மறவாமல் சொல்லுங்கள். அதை அறியாமல் சோர்வுக்கு மட்டும் மருந்து கொடுத்தால், சிலருக்குக் கிளர்ச்சி மூண்டுவிடலாம். சாவைப் பற்றிப் பேசுபவரைத் தனியே விடாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்திய அரசு 2022-இல் தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி எண்ணிலும் உதவி கேட்கலாம். கிரேப்பெலின் அட்டையில் எழுதிவைத்ததை நீங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கலாமே!