ஒரே எழுத்து, இரண்டு ஒலி: மலையகத்தின் பெயர்க் கதை

'பல்' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பின்னர் 'பஸ்' என்று சொல்லுங்கள். இரண்டு சொற்களும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. ஆனால் ஒலி ஒன்றல்ல. 'பல்' என்னும்போது இதழ்கள் திறந்த பிறகே குரல் எழுகிறது. 'பஸ்' என்னும்போது இதழ்கள் மூடியிருக்கையிலேயே தொண்டையில் அதிர்வு தொடங்கிவிடுகிறது. 'பம்பரம்' என்ற ஒரே சொல்லுக்குள்ளும் இந்த இரு பகரங்களும் உண்டு. தமிழ்ச் சொற்களில் எந்த இடத்தில் எந்த ஒலி வரும் என்பது பெரும்பாலும் வரையறைக்குட்பட்டது. ஆகவே இரண்டுக்கும் தனித்தனி எழுத்துகள் நமக்குத் தேவைப்படவில்லை. ககரமும் தகரமும் இவ்வாறே. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நிலைமை வேறு. அங்கே அதிரும் ஒலிக்கு ஓர் எழுத்து, அதிராத ஒலிக்கு வேறோர் எழுத்து. ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்தால் சொல்லே மாறிவிடும்.

மொஸ்கோவில் பிறந்த மொழியியல் அறிஞர் நிக்கொலாய் துருபெத்ஸ்கோய் (1890-1938) இத்தகைய குழப்பங்களுக்குத் தெளிவான விளக்கம் தந்தவர். தாய்மொழியின் ஒலியமைப்பு ஒரு சல்லடை போன்றது; அந்நிய மொழியை அதன் வழியாகவே நாம் கேட்கிறோம் என்பது, அவர் மறைந்தபின் 1939 இல் வெளியான நூலில் காணப்படும் கருத்து. அவரது ருஷ்ய மொழியே இதற்கு நல்ல சான்று. 'பிராத்' என்று நம் காதில் விழும் சொற்கள் அங்கே இரண்டு. இறுதி மெய்யை வன்மையாக ஒலித்தால் சகோதரன். அதே மெய்யை, நாவின் நடுப்பகுதியை அண்ணத்தை நோக்கி உயர்த்தி மென்மையாக ஒலித்தால் எடுத்தல். ருஷ்யருக்கு இவை மலையும் மடுவும் போன்றவை. நம் செவிக்கோ ஒன்றே. மறுபுறம், பல்லியையும் பள்ளியையும் நாம் மயக்கமின்றிப் பிரித்தறிகிறோம். தமிழ் கற்கவரும் ருஷ்யர் திணறுகிறார். எவருடைய செவியிலும் குறையில்லை. சல்லடைகள்தாம் வேறு.

மொழி வகுப்பில் இதனால் இழப்பது சில புள்ளிகளை மட்டுமே. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழருக்கு இதன் விலை அதிகமாக இருந்தது. அவர்களுடைய பெயர்களை எழுதிய பேனா பெரும்பாலும் வேற்றுமொழிப் பேனாவாக இருந்தமையே காரணம்.

1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்பே கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியத் தமிழர் மலையேறத் தொடங்கிவிட்டனர். பின்னாளில் வந்தவர்களின் கழுத்தில் தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த தகரத் துண்டு தொங்கியது. தோட்டத்தை அடைந்ததும் பெயர் ஆங்கிலத்தில் செக்ரோலில் ஏறியது. பிரட்டுக்களத்தில் அந்தப் பெயர் அழைக்கப்பட்டால்தான் அன்றைக்கு வேலை. ஒரு நாள் கூலியையே தோட்டத்து வழக்கில் 'பேர்' என்றனர். குறித்த அளவு கொழுந்து பறிக்காதவருக்கு 'அரைப் பேர்'. பெயர் என்ற சொல்லே கூலியைக் குறித்த சமூகத்தில் பெயரின் எழுத்து சிறிய விடயமாக இருக்க முடியாது.

பாலகிருஷ்ணன் என்று தாய் சொல்கிறாள். கேட்பவர் அதிரும் பகரத்தை எழுதுவதா, அதிராததை எழுதுவதா? தனலெட்சுமியின் தகரம் எது? கோபாலின் ககரம் எது? தமிழில் எழுதினால் எல்லாம் ஒன்றே. ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதும்போது ஒன்றைத் தேர்ந்தேயாக வேண்டும். செக்ரோலை எழுதியவர் ஒன்றைத் தேர்ந்தார். பிறப்பைப் பதிந்தவர் வேறொன்றைத் தேர்ந்தார். பாடசாலைப் பதிவேட்டில் மூன்றாவது வடிவம் ஏறியது. ஆள் ஒருவர்; தாளில் மூவர்.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்தது. 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன், மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடையறாது இலங்கையில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. பெயர்ப் பிழையே இதற்குக் காரணம் என்பது வரலாற்றைத் திரிப்பதாகும். சட்டத்தின் நோக்கமே அவர்களை விலக்குவதாக இருந்தது. ஆனால் தாள்களைக் காட்டித் தம்மை நிறுவ வேண்டிய ஏழைக்கு, தாளுக்குத் தாள் மாறும் பெயர் மேலுமொரு சுமையாயிற்று.

1983 ஜூலையில் அதே ஒலி வேறோர் இடத்தில் சோதிக்கப்பட்டது. கொழும்பில் தொடங்கிய வன்செயல் கண்டி, பதுளை, நுவரெலியா வரை பரவியது. வாகனங்களை மறித்த கும்பல்கள், வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்ற சிங்களச் சொல்லைச் சொல்லும்படி பயணிகளைக் கேட்டதை அந்நாள்களை நினைவுகூர்வோர் பலர் கூறியுள்ளனர். முதலெழுத்து அதிர்ந்தால் சிங்களவர். நாம் பருகும் 'பால்' போல ஒலித்தால் தமிழர். விவிலியத்தின் நியாயாதிபதிகள் ஆகமத்தில், யோர்தான் துறையில் 'ஷிபோலேத்' என்று சொல்ல முடியாமல் 'சிபோலேத்' என்றவர்கள் கொல்லப்பட்ட கதையைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. இதில் ஒரு கொடிய முரணும் உண்டு. உயிரைத் தீர்மானித்த அந்தச் சொல் சிங்களத்தில் பிறந்ததன்று. போர்த்துக்கேயரின் 'பால்டே' என்ற வாளி கரையிறங்கி வந்த வடிவமே அது.

அதன் பின்னர் சட்டங்கள் மாறின. 1987 இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 1999 இல் நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கியது. எனினும் பழைய தாள்கள் மாறவில்லை. செக்ரோலில் ஒரு பெயரும் தேசிய அடையாள அட்டையில் வேறொரு பெயருமாக ஓய்வுபெறும் தொழிலாளி, இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்த பிறகே தமது ஊழியர் சேமலாப நிதியைக் காண்கிறார். வாழ்நாள் முழுவதும் உழைத்த பணத்துக்கும் அவருக்கும் இடையே ஒரு மெய்யெழுத்து நிற்கிறது.

வேற்றுமொழி ஒலியைச் செவி தவறவிடுவது இயற்கை. ஆனால் எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டி, உரியவரிடம் கேட்டுத் திருத்துவது நிர்வாகத்தின் கடமை. பிறப்பைப் பதியும் நாளிலேயே மூன்று மொழிகளிலும் பெயரை எழுதிப் பெற்றோரின் ஒப்புதலைப் பெற ஐந்து நிமிடம் போதும். மலையகத் தமிழர் அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்டுப் பெற வேண்டும். பிள்ளையின் பெயரைப் பதியச் செல்லும் ஒவ்வொருவரும், எழுதப்பட்ட எழுத்தைப் பார்த்த பிறகே கையொப்பமிட வேண்டும்.