மூக்கடைப்புக்கு ஆபரேஷன் பண்ணினா மூக்கோட ஷேப் மாறிடுமா?

"மூக்கு நடு எலும்பு வளைஞ்சிருக்கு, ஆபரேஷன் பண்ணா மூச்சு நல்லா வரும்"னு இ.என்.டி டாக்டர் சொன்னதும் பாதிப் பேர் கேக்குற கேள்வி இதுதான். கல்யாணம் ஆகாத பிள்ளையா இருந்தா அம்மாதான் முதல்ல கேப்பாங்க. நான் இ.என்.டி ஸ்பெஷலிஸ்ட் இல்ல, எம்.பி.பி.எஸ். அவங்ககிட்ட கேக்கக் கூச்சப்பட்டு என்கிட்ட வந்து கேக்குறவங்க நிறைய.

தயவுசெஞ்சு இந்தப் பயத்தைப் பார்த்துச் சிரிக்காதீங்க. ஒரு காலத்துல அது நிஜமாவே நடந்துச்சு.

முதல்ல மூக்கோட கட்டுமானம். மேல் பகுதி எலும்பு. தொட்டா வளையுற கீழ்ப்பகுதியைத் தாங்குறது நடுச்சுவர்ல இருக்குற குருத்தெலும்பு. கூடாரத்துக்கு நடுக்கம்பு மாதிரி. மூச்சை அடைக்கிறதும் இதே சுவர்தான், மூக்கைத் தூக்கி நிறுத்துறதும் இதே சுவர்தான். சிக்கலே இங்கதான்.

1875ல லண்டன்ல வில்லியம் ஆடம்ஸ்ங்கிற சர்ஜன் வளைஞ்ச சுவரை இடுக்கியால பலமா நிமிர்த்தி, உள்ளே தகடு வச்சுப் பிடிக்க வச்சார். 1884ல கொக்கெய்ன் மரத்துப் போக வைக்கிற மருந்தா வந்ததும் மூக்குக்குள்ள வேலை செய்றது சுலபமாச்சு. துருத்திட்டு இருக்குற இடத்தை மேல இருக்குற சவ்வோட சேர்த்து ரம்பம் வச்சு அறுத்தவங்களும் உண்டு. சவ்வு போனா சுவர்ல ஓட்டை விழலாம். சின்ன ஓட்டையா இருந்தா மூச்சு விடும்போது விசில் சத்தம் வரும், பெருசா இருந்தா பக்கு கட்டும், ரத்தம் வரும்.

திருப்பம் 1902, 1904ல. சிகாகோல ஆட்டோ ஃப்ரீர், ஜெர்மனி ஃப்ரைபர்க்ல குஸ்டாவ் கில்லியன். ரெண்டு பேரும் சவ்வைப் பத்திரமா உரிச்சு, உள்ள இருக்குற வளைஞ்ச குருத்தெலும்பை மட்டும் எடுத்தாங்க. (1897ல ஒரு விவசாயியோட மூச்சுக்குழாய்ல சிக்கின பன்றி எலும்பைக் குழாய் விட்டு எடுத்தாரே, அதே கில்லியன்தான்.) மூக்குத் தண்டை ஒட்டி மேலயும், மூக்கு நுனிப் பக்கம் முன்னாலயும் ஒரு பட்டை குருத்தெலும்பை விட்டு வைக்கணும்னு கில்லியன் அழுத்திச் சொன்னார். ஆங்கில 'எல்' எழுத்தைக் கவுத்து வச்ச மாதிரி ஒரு சட்டம். இன்னைக்கும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குக் குறையாம அதை விடுறாங்க.

அந்தப் பட்டை ரொம்ப மெலிஞ்சாலோ, ஆபரேஷனுக்குப் பிறகு உள்ள ரத்தம் கட்டிச் சீழ் பிடிச்சாலோ குருத்தெலும்பு கரைஞ்சுடும். நடுமூக்கு குதிரைச் சேணம் மாதிரி அமுங்கிடும். நம்ம ஊர் அம்மா பயப்படுறது இதுக்குத்தான், பேரு தெரியாமலே. (விழுந்து மூக்குல அடிபட்ட குழந்தைக்கு ஓரிரு நாள்ல ரெண்டு பக்கமும் மூக்கு அடைச்சா உடனே காட்டுங்க. இதே ரத்தக்கட்டா இருக்கலாம்.)

கில்லியன் முறையில நுனிப் பக்க வளைவைத் தொட முடியல, அது சட்டத்துக்குள்ள வருதே! 1929ல க்ளீவ்லண்டோட மெட்சன்பாம் அதை வெட்டி எறியாம, கதவு மாதிரி அசைச்சு நடுவுக்குக் கொண்டு வந்தார். அப்புறம் சிகாகோவோட மாரிஸ் காட்டில், எடுக்கிறதை விட நேராக்கித் திரும்ப வைக்கிறதுதான் முக்கியம்னு ஒரு தலைமுறைக்கே சொல்லிக் கொடுத்தார். இன்னைக்கு நீங்க கேள்விப்படுற செப்டோபிளாஸ்டி இந்த வழியில வந்தது.

அதனால பதில்: வெட்டு மூக்குக்குள்ளதான், முகத்துல தழும்பு இருக்காது. சட்டம் பத்திரமா இருந்தா வெளித்தோற்றம் பெரும்பாலும் மாறாது. நுனி சில வாரம் வீங்கியோ விறைப்பாவோ தெரியலாம். லேசா நுனி இறங்குறது, தண்டு அமுங்குறது இன்னைக்கும் எப்பவாவது நடக்குது. "நடக்கவே நடக்காது"னு யாராவது சத்தியம் பண்ணா நான் நம்ப மாட்டேன்.

தலைகீழாவும் ஒரு விஷயம் இருக்கு. அழகுக்காக மூக்கைச் சின்னதாக்கும்போது உள்ள இருக்குற குறுகலான இடம் இன்னும் குறுகி மூச்சு அடைக்கலாம். அதைச் சரி பண்ண 1984ல ஜாக் ஷீன் குருத்தெலும்புத் துண்டை ஆப்பு மாதிரி இடையில வைக்கிற முறையை எழுதினார். இன்ஸ்டா பார்த்து மூக்கைச் செதுக்கப் போறவங்க இதைக் கேட்டுட்டுப் போங்க.

உங்க மூக்கு வெளியிலயும் கோணலா இருந்தா, செப்டோபிளாஸ்டி மட்டும் பெரும்பாலும் அதை நேராக்காது. ரெண்டையும் சேர்த்துப் பண்றது வேற ஆபரேஷன். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி "எனக்கு எது பண்றீங்க? முன்பக்க வளைவா, உள்பக்க வளைவா?"ன்னு கேளுங்க. முன்பக்கம்னா சட்டத்துலயே வேலை இருக்கு, தோற்றம் பத்தி இன்னும் ரெண்டு நிமிஷம் பேசிட்டு வாங்க. பழைய போட்டோ ஒண்ணு கையில இருந்தா கொண்டு போங்க.