கிண்ணக்குழி வலுவூட்டு வளையம்

கிண்ணக்குழி வலுவூட்டு வளையம் என்பது இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையில், தொடையெலும்பின் தலை பொருந்தும் கிண்ணக்குழி சிதைந்திருக்கும்போது பொருத்தப்படும் உலோகத் தாங்கி ஆகும். முன்பு பொருத்திய செயற்கை மூட்டு தளர்ந்து எலும்பு அரிக்கப்பட்டவர்களுக்கு, மறு அறுவையின்போது இது பயன்படுகிறது. 1970களில் சுவிட்சர்லாந்தில் உருவான புர்க்-சினைடர் கூடு இவ்வகையில் நன்கறியப்பட்டது.

அமைப்பு

வளையம் திருகாணிகளால் இடுப்பெலும்பில் இறுக்கப்படும். அதனுள் பாலியெத்திலீன் கிண்ணம் எலும்புச் சீமெந்தினால் ஒட்டப்படும். பின்புறக் குழிவுகள் ஒட்டெலும்பால் நிரப்பப்படும்.

நீடித்த உழைப்பு

பழைய வகை வளையங்களினுள் எலும்பு ஊடுருவி வளர்வதில்லை. தொடக்கத்தில் பளுவின் பெரும்பகுதியைத் திருகாணிகளே தாங்குகின்றன. ஒட்டெலும்பு உயிரெலும்புடன் இணைந்து பளுவைப் பகிர்ந்துகொண்டால் வளையம் பல ஆண்டுகள் நிலைக்கும். இணையாவிடில், ஒவ்வோர் அடியிலும் ஏறி இறங்கும் பளுவினால் திருகாணிகள் தளரலாம் அல்லது முறியலாம். நோயாளி மீண்டும் அறுவைக்கு உள்ளாக நேரும். இக்குறையைத் தவிர்க்க, எலும்பு ஊடுருவி வளரக்கூடிய நுண்துளை உலோகக் கிண்ணங்கள் 2000களிலிருந்து மிகுதியாகப் பயன்படுத்தப்படுகின்றன.