மதிப்பெண் பட்டியலிலிருந்து சேர்க்கை ஆணை வரை: தமிழ்நாட்டில் உயர்கல்வி விண்ணப்ப முறை கடந்து வந்த பாதை

முன்னுரை

பிளஸ் டூ முடிவு வெளியான நாளில் வீட்டுக்கு வருகிற உறவினர்கள் முதலில் கேட்பது ‘எவ்வளவு மார்க்?’ என்பது. அதற்கு ஒரு எண்ணைப் பதிலாகச் சொல்லிவிடலாம். அடுத்து அவர்கள் கேட்கும் ‘என்ன சேரப் போறே?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு எண் போதாது. எந்தப் படிப்பு இருக்கிறது, எங்கே இருக்கிறது, எப்போது விண்ணப்பிக்க வேண்டும், என்னென்ன சான்றிதழ் வேண்டும், என்ன செலவாகும் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். முடிவு வெளியாகும் நாளுக்கும் விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கும் இடைப்பட்ட சில வாரங்களில் ஒரு பிள்ளையின் வாழ்க்கை திசை கொள்கிறது.

கல்வி வரலாறு எழுதுவோர் பள்ளியையும் கல்லூரியையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள இந்த வாசலைப் பற்றிய எழுத்து குறைவு. தமிழ்நாட்டில் அந்த வாசல் எப்படி மாறி வந்தது என்பதைப் பொறியியல், மருத்துவச் சேர்க்கையை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. வரிசையில் தன் இடம் எது, அது ஏன் என்பதை விண்ணப்பித்தவரே கண்ணால் பார்க்க முடிந்த அளவுக்கே சேர்க்கையில் நியாயம் வளர்ந்திருக்கிறது என்பது இதன் முதல் கருத்து. அந்த வரிசைக்கு வந்து சேர்வதற்கான அறிவு இன்னும் எல்லோருக்கும் சமமாகப் போய்ச் சேரவில்லை என்பது இரண்டாவது.

1. தேர்வே விண்ணப்பமாக இருந்த காலம்

1857-இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய மெட்ரிகுலேஷன் தேர்வு, பள்ளிப் படிப்பின் முடிவாகவும் பல்கலைக்கழகத்தின் நுழைவாயிலாகவும் ஒருசேர இருந்தது. தேறியவர்களே மிகச் சிலர். ஆகவே தேறிய பின் இடம் கிடைக்குமா என்பதைவிட, கட்டணம் கட்ட முடியுமா, கல்லூரி இருக்கும் ஊரில் தங்க முடியுமா என்பதே பெரிய கேள்வி. 1911 முதல் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு வந்தபோது, பள்ளியிறுதிச் சான்றிதழ் பல்கலைக்கழகத்திலிருந்து தனித்து நிற்கத் தொடங்கியது.

மதிப்பெண் மட்டும் வாசலைத் திறந்துவிடவில்லை என்பதற்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் இளமைக்காலம் சான்று. மெட்ரிகுலேஷனுக்குத் தனியாகப் படித்துத் தேறிய அவர், புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். ஆண்கள் படிக்கும் கல்லூரியில் ஒரு பெண் சேர்வதா என்று எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி அளித்த பிறகே இடம் கிடைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்று வெளிவந்த அவருடைய மருத்துவ வாழ்க்கை முழுவதும் அந்த ஒற்றை அனுமதியின் மேல்தான் நிற்கிறது. விதி என்று எதுவும் எழுதப்படாத இடத்தில், அரசனின் நல்ல மனமே விதியாக இருந்தது. அப்படி ஒரு மன்னர் வாய்க்காத ஊர்களில் எத்தனை விண்ணப்பங்கள் மடங்கிப் போயின என்பதை எந்த ஆவணமும் சொல்லாது.

2. பதினான்கு இடங்களின் கணக்கு

விண்ணப்பங்கள் பெருகி இடங்கள் குறைவாக இருந்தபோது, யாருக்குக் கொடுப்பது என்பதற்கு எழுத்தில் ஒரு விதி தேவைப்பட்டது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை அந்த விதியைத் தந்தது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடமும் இப்படிப் பிரிக்கப்பட்டன: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ-இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1.

1950-இல் இது நீதிமன்றத்துக்குப் போனது. வழக்குத் தொடுத்த இருவரில் சி.ஆர்.சீனிவாசன் பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்தவர். செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடவே இல்லை. விசாரித்ததில் தமக்கு இடம் கிடைக்காது என்று தெரிந்ததாகச் சொன்னார். அரசாணை செல்லாது என்று 1951-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் பெரும் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் 15(4) என்ற பிரிவைச் சேர்த்து, பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் இனத்தாருக்கும் பழங்குடியினருக்கும் தனி ஏற்பாடு செய்யும் உரிமையை மாநிலங்களுக்குத் தந்தது. ஒரு மாநிலத்தின் கல்லூரி விண்ணப்பம் நாட்டின் அரசியலமைப்பையே திருத்த வைத்த நிகழ்வு இது.

இன்று நடைமுறையில் உள்ள 69 சதவீத இட ஒதுக்கீடு அந்த வழியில் படிப்படியாக வளர்ந்தது: பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் இனத்தாருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. 1993-ஆம் ஆண்டுச் சட்டமும், அதை ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்த 1994-ஆம் ஆண்டின் 76-ஆவது திருத்தமும் இதற்குக் காப்பாக நிற்கின்றன.

3. நேர்முகத் தேர்வு அறைக்குள்

1950களின் பிற்பகுதியில் இண்டர்மீடியட் போய்ப் பி.யு.சி. வந்தது. பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள் ஓராண்டு கல்லூரியில் பி.யு.சி. படித்து, அதன் பிறகு தொழிற்கல்விக்கு விண்ணப்பித்தார்கள். அந்த மதிப்பெண்ணோடு நேர்முகத் தேர்வு மதிப்பெண்ணும் சேர்ந்தது. அதற்கு எவ்வளவு கனம் இருந்தது என்பதை 1970-ஆம் ஆண்டின் பெரியகருப்பன் வழக்கு காட்டுகிறது. மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75 நேர்முகத் தேர்வுக்கு. அது மிகை என்றே தோன்றுகிறது என்று உச்சநீதிமன்றம் குறிப்பிட்டது. கல்லூரிகளைத் தனித்தனி அலகுகளாகப் பிரித்துத் தேர்வு செய்த முறையையும் ஏற்க மறுத்தது. அதற்கு முன்பே, 1968-இல் ராஜேந்திரன் வழக்கில், மருத்துவ இடங்களை மாவட்டவாரியாகப் பங்கிடும் முறை ரத்தாகியிருந்தது.

சில நிமிட நேர்காணலில் 75 மதிப்பெண் என்றால், தயங்கித் தயங்கிப் பேசும் ஒரு கிராமத்துப் பையன் ஓராண்டுப் படிப்பில் ஈட்டியதை அந்த அறைக்குள் இழந்துவிட முடியும். ஏன் இழந்தான் என்பது அவனுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை.

4. பிளஸ் டூவும் நுழைவுத் தேர்வும்

கோத்தாரி குழு (1964-66) பரிந்துரைத்த 10+2+3 அமைப்பின்படி 1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980-இல் நடந்தது. இதன் சமூக விளைவு பெரிது. பி.யு.சி.க்காக நகரத்துக் கல்லூரியைத் தேடிப் போக வேண்டியிருந்தவர்கள் இப்போது பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியிலேயே தொழிற்கல்விக்கான தகுதியைப் பெற முடிந்தது. வாசல் ஊருக்கு அருகே நகர்ந்து வந்தது.

1984-இல் தொழிற்கல்விக்குத் தனி நுழைவுத் தேர்வு வந்தது. தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தொடங்கியதும் அக்காலத்தில்தான். பிளஸ் டூவில் கணிதத்தை 100-க்கும் இயற்பியலையும் வேதியியலையும் 50-50-க்கும் குறைத்து வந்த 200-உடன், நுழைவுத் தேர்வின் 100-ஐயும் சேர்த்து 300-க்குக் கட்-ஆஃப் கணக்கிட்டார்கள்.

நேர்காணலோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம். யாருடைய முகமும் தெரியாது. விடைத்தாள் மட்டுமே பேசும். ஆனால் வேறொரு சமனின்மை உள்ளே வந்தது. எடுத்துக்காட்டாக இரண்டு மாணவிகளை நினைத்துக்கொள்வோம். ஒருத்தி பள்ளிப் பாடத்தில் 200-க்கு 190. நுழைவுத் தேர்வில் 60. மற்றவள் 180, முடிவுக்குக் காத்திருந்த வாரங்களில் நகரத்தில் பயிற்சி வகுப்புக்குப் போய் நுழைவுத் தேர்வில் 85. முதலாமவள் 250, இரண்டாமவள் 265. இரண்டு ஆண்டு உழைப்பில் கிடைத்த 10 மதிப்பெண் முன்னிலையைச் சில வாரப் பயிற்சியின் 25 விழுங்கிவிடுகிறது. அந்த வகுப்புக்குக் கட்டணமும் விடுதிச் செலவும் யார் வீட்டில் இருந்தன என்பதே வரிசையைத் தீர்மானித்தது.

5. ஒற்றைச் சாளரம்

தனியார் கல்லூரிகள் பெருகியதும் குழப்பமும் பெருகியது. 1997-இல் அண்ணா பல்கலைக்கழகம் ஏற்ற ஒற்றைச் சாளர முறை இதை மாற்றியது. அதற்கு முன் துணைவேந்தராக இருந்த மு.அனந்தகிருஷ்ணனின் பெயர் இம்முறையோடு சேர்த்தே பேசப்படுகிறது. ஒரே விண்ணப்பம், ஒரே தரவரிசை, ஒரே கலந்தாய்வு.

அந்தக் கலந்தாய்வை நேரில் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். அழைப்புக் கடிதம் தபாலில் வரும். அதைக் காட்டினால் மாணவருக்கும் உடன் வருபவருக்கும் அரசுப் பேருந்தில் பாதிக் கட்டணம். கையில் பிளாஸ்டிக் உறை. அதற்குள் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வரைவோலை. கிண்டி வளாகத்துக் கூடத்தில் பெரிய திரை. கல்லூரிவாரியாக, பாடப்பிரிவுவாரியாகக் காலியிடங்களின் எண்ணிக்கை. உள்ளே ஒவ்வொருவரும் ஒரு இடத்தை எடுக்க எடுக்க, வெளியே அந்த எண் ஒன்று ஒன்றாகக் குறையும். இரவெல்லாம் பயணம் செய்து வந்த ஒரு அப்பா, மகள் கேட்ட இடம் 3, 2, 1 என்று இறங்குவதை நெஞ்சு படபடக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். கிடைக்காமல் போனாலும், தமக்கு முன்னால் நின்றவர் அதை எடுத்துக்கொண்டார் என்பது அவருக்குத் தெரியும். இடையில் யாரும் கை நுழைக்கவில்லை என்பதை அந்தத் திரை சாட்சி சொன்னது. சிபாரிசு தேடி அலையாமல் ஒரு குடும்பம் பொறியியல் கல்லூரிக்குள் போக முடியும் என்ற நம்பிக்கையை அந்தக் கூடமே ஊரெங்கும் பரப்பியது.

6. நுழைவுத் தேர்வின் முடிவும் அதற்குப் பின்னும்

நுழைவுத் தேர்வை நீக்க 2005, 2006-ஆம் ஆண்டுகளில் நடந்த முயற்சிகளை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. 2006-இல் அமைந்த அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையை ஒட்டி இயற்றப்பட்ட சட்டம், 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று, நீதிமன்றத்திலும் நிலைத்தது. வெவ்வேறு வாரியங்களில் படித்தவர்களின் மதிப்பெண்ணை ஒரே தளத்துக்குக் கொண்டுவரும் சமன்செய்தலும் அச்சட்டத்தில் இடம்பெற்றது. கட்-ஆஃப் 200 ஆனது. மேலே கண்ட இரு மாணவிகளில் 190 பெற்றவள் முன்னே வந்தாள்.

மருத்துவத்தில் இந்த ஏற்பாடு 2017-இல் முடிவுக்கு வந்தது. அந்த ஆண்டு முதல் நீட் தேர்வே ஒரே அளவுகோல் ஆனதும், 1984-இல் தொடங்கிய பயிற்சி வகுப்பின் கதை இன்னும் பெரிய செலவோடு திரும்பி வந்தது. அதன் சுமையைக் குறைக்க, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. நீதிபதி முருகேசன் ஆணையத்தின் அறிக்கைக்குப் பின் 2021-இல் அது பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கும் விரிந்தது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவ்வாறு பொறியியலில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

7. திரை வீட்டுக்கு வந்தபோது

2018-இல் பொறியியல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியது. அடுத்த ஆண்டு தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் பொறுப்பேற்றது. சென்னைப் பயணம் மிச்சமானது. இணைய வசதி இல்லாதவர்களுக்கு மாவட்டந்தோறும் சேவை மையங்கள் அமைந்தன. எனினும் கூடத்தில் அதிகாரி முன்னால் ஒரு இடத்தைச் சுட்டிய மாணவர், இப்போது விரும்பும் கல்லூரிகளை முன்கூட்டியே வரிசைப்படுத்தித் தர வேண்டும்.

அந்த வரிசையை மென்பொருள் எப்படிப் படிக்கிறது என்பது அவசியம் தெரிய வேண்டியது. தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்து, அவருடைய பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தை அது ஒதுக்குகிறது. ஆகவே ‘இது எங்கே கிடைக்கப் போகிறது’ என்று எண்ணி, ஆசைப்பட்ட கல்லூரியைக் கீழே தள்ளுவதில் எந்த லாபமும் இல்லை. மேலே போட்டுக் கிடைக்காமல் போனாலும் அடுத்ததற்கான வாய்ப்பு குறையாது. மாறாக, நாலைந்து கல்லூரிகளை மட்டும் போட்டு நிறுத்துபவர், நல்ல கட்-ஆஃப் இருந்தும் ஒதுக்கீடே இல்லாமல் நிற்க நேரும். இந்த ஒரு செய்தி தெரிந்த வீட்டுக்கும் தெரியாத வீட்டுக்கும் உள்ள தூரம், சில நேரங்களில் பத்து மதிப்பெண் தூரத்தைவிடப் பெரிது.

சான்றிதழ்களும் அப்படித்தான். குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-11 முதல் உண்டு. அதற்குரிய சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வருவாய்த் துறையின் ஒப்புதலோடு பெற வேண்டும். முடிவு வந்த பிறகு ஓடத் தொடங்குபவருக்கு நாள் போதாமல் போகிறது. வீட்டில் பட்டதாரியே இல்லாதவருக்கான சலுகையை, பட்டதாரி இருக்கும் வீடுகளே எளிதில் புரிந்துகொள்ளும் மொழியில் நாம் எழுதி வைத்திருக்கிறோம்.

முடிவுரை

அரசனின் அனுமதி, வகுப்புவாரிக் கணக்கு, நேர்காணல், நுழைவுத் தேர்வு, ஒற்றைச் சாளரம், இணையவழி என்று வாசல் பல முறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் முடிவெடுப்பவரின் மனத்துக்குள் இருந்த ஏதோ ஒன்று எழுத்துக்கோ திரைக்கோ வந்தது. 2017-இல் மாநில அளவில் முதலிடம் பிடித்தவர்களின் பட்டியல் வெளியிடுவது நிறுத்தப்பட்டதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்கலாம்: சிலரின் வெற்றியைக் கொண்டாடும் நாளாக இருந்த முடிவு நாள், எல்லோரும் அடுத்த அடி வைக்கும் நாளாக மாறுவதற்கு அது ஒரு தொடக்கம்.

மீதமிருப்பது கடைசிப் படி. கட்-ஆஃப் கணக்கிடுவதையும் விருப்பப் பட்டியல் எழுதுவதையும் பிளஸ் டூ வகுப்பிலேயே ஒரு பாடவேளையில் சொல்லித் தர முடியும். முதல் பட்டதாரிச் சான்றிதழையும் இருப்பிடச் சான்றிதழையும் தேர்வுக்கு முன்பே பள்ளி வழியாகப் பெற்றுத் தர முடியும். புதிய சட்டமோ பெரிய நிதியோ இதற்குத் தேவையில்லை. கிண்டிக் கூடத்துத் திரை அந்த அப்பாவுக்குக் காட்டிய தெளிவு, அவருடைய ஊர்ப் பள்ளியின் கரும்பலகையிலும் எழுதப்பட வேண்டும். அப்போதுதான் ‘என்ன சேரப் போறே?’ என்ற கேள்விக்கு எல்லா வீட்டுப் பிள்ளைகளும் தயங்காமல் பதில் சொல்வார்கள்.