கோவிட்-19 காலத்தில் அரசுத் தலைவர்களின் சமூக ஊடகப் பயன்பாடு

கோவிட்-19 பெருந்தொற்றின்போது பல நாட்டுத் தலைவர்களும் அமைச்சர்களும் ட்விட்டர், முகநூல், யூடியூப், வாட்ஸ்அப் ஆகியவற்றின் வழியே மக்களோடு நேரடித் தொடர்பு கொண்டனர். செய்தியாளர்களின் இடையீடின்றி அறிவிப்புகள் உடனே மக்களை எட்டின. சரிபார்க்கப்படாத கூற்றுகளும் அதே வழியில் பரவின.

பின்னணி

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என அறிவித்தது. அதற்கு முன்பே, பிப்ரவரியில் நடந்த மியூனிக் பாதுகாப்பு மாநாட்டில், நோயோடு பொய்த்தகவல் பெருக்கத்தையும் எதிர்த்துப் போராட வேண்டியுள்ளதாக அந்நிறுவனத்தின் தலைமை இயக்குநர் டெட்ரோஸ் எச்சரித்திருந்தார்.

அச்சம் தணித்தல்

2020 பிப்ரவரி 7 அன்று சிங்கப்பூர் எச்சரிக்கை நிலையை ஆரஞ்சுக்கு உயர்த்தியதும் அரிசி, நூடுல்ஸ், கழிப்பறைத் தாள் ஆகியவற்றை வாங்கிக் குவிக்க மக்கள் கடைகளில் திரண்டனர். மறுநாளே பிரதமர் லீ சியன் லூங் ஆங்கிலம், மலாய், மாண்டரின் மொழிகளில் பேசிய காணொளிகள் வெளியாயின. அரசின் வாட்ஸ்அப் சேவை தமிழ் உட்பட நான்கு அதிகாரபூர்வ மொழிகளிலும் தகவல் அளித்தது.

நியூசிலாந்தில் முழு ஊரடங்கு தொடங்கவிருந்த மார்ச் 25 இரவு, பிரதமர் ஜசிந்தா ஆர்டர்ன் மகளைத் தூங்கவைத்துவிட்டு, வீட்டு உடையிலேயே முகநூல் நேரலையில் தோன்றிப் பொதுமக்களின் கேள்விகளுக்குப் பதிலளித்தார்.

தெற்காசியா

தமிழ்நாட்டின் முதல் தொற்றை 2020 மார்ச் 7 அன்று அப்போதைய சுகாதார அமைச்சர் சி. விஜயபாஸ்கர் ட்விட்டரில் அறிவித்தார். மார்ச் 13 அன்று இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, தெற்காசியக் கூட்டமைப்பான சார்க்கின் நாடுகள் கூட்டாகத் திட்டமிட வேண்டும் என ட்விட்டரில் அழைப்பு விடுத்தார். இலங்கை, நேபாளம், மாலத்தீவு ஆகியவற்றின் தலைவர்கள் அங்கேயே இசைவு தெரிவிக்க, மார்ச் 15 அன்று காணொளி மாநாடு கூடியது. அதில் சார்க் நாடுகளுக்கான அவசர நிதிக்கு இந்தியா ஒரு கோடி டாலர் வழங்க முன்வந்தது.

பொய்த்தகவலும் தளங்களின் தலையீடும்

பிரேசில் அதிபர் சயீர் போல்சனாரோ தெருவில் மக்களைச் சந்தித்து, தனிமைப்படுத்தலை எதிர்த்தும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்தைப் புகழ்ந்தும் பேசிய காணொளிகளை 2020 மார்ச் இறுதியில் ட்விட்டரும் முகநூலும் நீக்கின. குழந்தைகளுக்கு இந்நோய் ஏறக்குறைய தொற்றவே தொற்றாது என அமெரிக்க அதிபர் டொனால்டு டிரம்ப் கூறிய காணொளியை ஆகஸ்ட் 5 அன்று முகநூல் அகற்றியது. தடுப்பூசியை எய்ட்ஸுடன் பொய்யாகத் தொடர்புபடுத்திய போல்சனாரோவின் நேரலையை 2021 அக்டோபரில் முகநூலும் யூடியூபும் நீக்கின. யூடியூப் அவரது அலைவரிசையை ஒரு வாரம் முடக்கியது. பதவியிலிருக்கும் தலைவரின் பேச்சுக்கு எல்லை வகுக்கும் அதிகாரம் தனியார் நிறுவனங்களிடம் இருக்கலாமா என்ற விவாதத்துக்கு இந்நடவடிக்கைகள் வலுச்சேர்த்தன.